வரப்பில் போட்ட கறுப்பு ஒயர்

நம் செட்டில் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டுவிடுகிறீர்கள். மஞ்சள் எஸ்.டி.டி. பூத், கேசட்டைச் சுற்றும் பென்சில், தேன் மிட்டாய். கீழே 'அதெல்லாம் ஒரு காலம்' என்று ஒரு வரி. உடனே எல்லோரும் கைகூப்புகிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லோரும் தங்கம் என்று நாமாகவே ஒரு கதை கட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஒரே ஒரு சம்பாப் பட்டம், ஒரு போக நெல். அதைச் சொல்கிறேன், படித்துவிட்டுத் தயவுசெய்து கைகூப்ப வேண்டாம்.

பட்டுக்கோட்டைக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. ஆகவே தண்ணீர் எங்களுக்குக் கடைசியில் வரும், வெள்ளம் மட்டும் முதலில் வரும். என் அப்பாவும் அவருடைய அண்ணனான பெரியப்பாவும் ஒரே நிலக்காரரிடம் குத்தகைக்கு உழுதார்கள். நாங்கள் குடியிருந்த மனைகளும் அவருடையவைதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிலக்காரரின் சொந்த வயல் கிடந்தது. வரப்பில் நடந்தால் கூப்பிடு தூரம். ஆனால் விளக்கு வைத்த பிறகு பெண் பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் சட்டம். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பெரியப்பாவின் ஒரே மகளான அக்கா தஞ்சாவூரில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம்.

பகலெல்லாம் அவள் காலேஜில், நான் பள்ளிக்கூடத்தில். இருட்டியதும் ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டோம். பேச வேண்டியதோ நிறைய இருந்தது. செல்போன் அப்போது பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டி முதலாளிகளின் சட்டைப் பையில் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் அக்கா என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "இந்தப் பெட்டியில நான் எழுதுனா அந்தப் பெட்டியில நீ படிக்கலாம்டி. சத்தமே வராது, உங்க அம்மா பக்கத்துல படுத்திருந்தாலும் தெரியாது" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் நம்பினாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி சென்னை ரிச்சி தெருவிலிருந்து இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் சில்லுகள் வாங்கிவந்து கொடுத்தாள். நாற்பது காலோடு பூரான் மாதிரி இருந்தன. இரண்டு வரி மட்டும் காட்டும் சின்னக் கண்ணாடித் திரை இரண்டு. எழுத்தை முன்னால் தள்ள ஒரு பட்டன், பின்னால் தள்ள ஒன்று, தேர்ந்தெடுக்க ஒன்று, அனுப்ப ஒன்று. சேதி வந்திருந்தால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரியும். எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் டிபன் டப்பாக்களுக்குள் வைத்து மூடினாள். ஓட்டை போட்டது சூடாக்கிய கோணி ஊசியால். பிளாஸ்டிக் கருகிய நாற்றமும் ஈயம் பற்றவைக்கும்போது எழும் குங்கிலிய வாசனையும் அந்தப் புரட்டாசி முழுக்கப் பெரியப்பா வீட்டில் அடித்தன. பெரியம்மா வாசலில் நின்று, "பொட்டப் புள்ள வூட்டுல சாம்பிராணி போடுவாங்க, இவ என்னாத்தையோ போடுறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்தக் குரலில் பெருமைதான் இருந்தது.

முதலில் வேலை செய்யவில்லை. நான் 'சாப்டியா' என்று அனுப்பினால் அந்தப் பக்கம் கேள்விக்குறியும் கோணல் கட்டமும் வந்தன. அக்கா இரண்டு வாரம் எதிலும் மனம் ஒட்டாமல் திரிந்தாள். பிறகு பஸ்ஸில் வரும்போது அவளுக்கே பொறி தட்டியிருக்கிறது. ஒரு பெட்டியில் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், இன்னொன்றில் பதினொன்று சொச்சம். இரண்டும் ஒரே வேகத்தில் பேசவில்லை. மாற்றினாள், ஒயர் நீளம் என்பதால் வேகத்தையும் குறைத்தாள். அடுத்த முறை நான் அனுப்பிய 'சாப்டியா' ஆங்கில எழுத்தில் சுத்தமாகப் போய் விழுந்தது. 'இல்ல, கத்திரிக்கா கொழம்பு' என்று பதில் வந்தது. நான் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போது இரண்டு விஷயங்களை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் விஷயம், அந்தப் பெட்டிகள் டார்ச் லைட்டுக்குப் போடும் நான்கு பெரிய பேட்டரிக் கட்டைகளில் ஓடின. சுவரில் இருக்கும் எந்த பிளக்கோடும் அவற்றுக்கு உறவு கிடையாது. கட்டைகளை வாங்கிக் கொடுத்தது என் அப்பா. "உங்க அரட்டைக்கு நான் கட்டை வாங்கி மாளாது" என்று முணுமுணுத்துக்கொண்டே கடையிலிருந்து கொண்டுவருவார், பழையதைத் தானே கழற்றிப் புதியதைப் போடுவார். இரண்டாவது, ஒயர். பட்டுக்கோட்டை மண்டியில் டெலிபோன் லைன் மாற்றியபோது தூக்கிப் போட்ட கறுப்பு ரெட்டை ஒயர். அதை வரப்போரமாகச் சிறு மூங்கில் குச்சிகளில் கட்டி இழுப்பதற்கு முன் அக்கா நேராக நிலக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் ஈசிசேரில் சாய்ந்தபடியே, "போட்டுக்கம்மா. என் வரப்பு என்ன தேஞ்சா போயிடும்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் பெரியவர்களுக்கும் அந்தப் பெட்டி தேவைப்பட்டது. பெரியப்பா வயல் வாய்க்கால் தலைமாட்டில், அப்பா வயல் கால்மாட்டில். மடையில் தண்ணீர் ஏறினால் பெரியப்பா அக்காவை எழுப்பி, "தம்பிக்கு அடி. தண்ணி ஏறுது, வந்து வடிய வுடச் சொல்லு" என்பார். எங்கள் வீட்டில் சிவப்பு விளக்கு எரியும். நான் படித்துச் சொல்வேன், அப்பா மண்வெட்டியோடு கிளம்புவார். அந்த வருடம் பக்கத்து வயல்களில் நாற்று அழுகியபோது எங்கள் இரண்டு வயலும் தப்பின. டீக்கடையில் அப்பா, "எங்கண்ணன் மவ செஞ்ச மிசினுய்யா, ரெண்டு கட்டையில ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். ரெண்டு கட்டை என்றது அவருடைய பீற்றல், நான்கு.

மார்கழியில் பயிர் தொண்டைக்கதிர் வைத்தது, கதிர் தண்டுக்குள் திரண்டு நின்றது. அந்த நேரம் எலிக்குக் கொண்டாட்டம். விடிந்து பார்த்தால் பயிரை அரிவாளால் அறுத்த மாதிரி நறுக்கிப் போட்டிருக்கும். மற்றவர்கள் மூங்கில் கிட்டிப் பொறி வைத்தார்கள். நிலக்காரர் எலிக்குக் கரண்ட் போட்டார். மோட்டார் கொட்டகையிலிருந்து கொக்கி மாட்டி, தோல் இல்லாத கம்பியை வயலைச் சுற்றிச் சாண் உயரத்தில் இழுத்துவிடுவது. சாயங்காலம் மாட்டி, விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஊரில் அது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள். லைன்மேனுக்கும் தெரியும். செத்த நாய் ஒன்று, செத்த ஆட்டுக்குட்டி ஒன்று என்று அதற்கு முன்பே ஆகியிருந்தது. ஆட்டுக்காரிக்கு ஏதோ கொடுத்து வாயை அடைத்தார்கள்.

மழை விட்ட ஒரு காலையில், வெளுத்தும் வெளுக்காமலும் இருந்த நேரத்தில், பெரியப்பா மடை பார்க்கப் போனார். திரும்பி வரவில்லை. பெரியம்மா போய்ப் பார்த்தபோது வரப்புக்கும் வயலுக்கும் குறுக்கே குப்புறக் கிடந்தார்.

நான் ஓடிப்போனபோது அந்த இடத்தில் தோல் இல்லாத கம்பி கிடையாது. யாரோ சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். கம்பி கட்டிய குச்சிகளைப் பிடுங்கிய குழிகள் மட்டும் ஈர வரப்பில் வரிசையாக, புத்தம் புதிதாக இருந்தன. சில குழிகளில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் கறுப்பு ஒயர் மட்டும் அதன் குச்சிகளில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். இருந்தது அது ஒன்றுதானே.

ஸ்டேஷனுக்குச் சொல்வதற்கு முன் நிலக்காரர் களத்தில் ஆண்கள் கூடினார்கள். நான் வைக்கோல் போர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பெரியம்மாவின் ஓலம் களம் வரைக்கும் கேட்டது. நிலக்காரர், "நேத்து நான் கரண்டே போடலைய்யா, மழையில எவன் போடுவான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அந்தப் பொண்ணு ஒயரு ஓடுது பாருங்க. வூட்டுல பிளக்குல சொருகி வச்சிருந்தத நானே பாத்திருக்கேன்" என்றார். அவர் பார்த்தது ஈயம் பற்றவைக்கும் கம்பி. அதைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லைன்மேன் தலையைச் சொறிந்தார். "மழையில சர்வீஸ் ஒயர்ல எங்கயாச்சும் ஒரசியிருந்தா கரண்ட் ஏறும்தான்" என்றார்.

"ஏறுமா, ஏறாதா?" என்று நிலக்காரர் கேட்டார்.

"ஏறலாம்னு எழுதிக்கலாம்."

என் அப்பா அப்போதுதான் பேசினார். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டுல நடந்து போச்சுன்னா கேசு நிக்காதுங்க. பச்சப் புள்ளய யாரும் உள்ள போட மாட்டாங்க. உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எங்களுக்கும் தொந்தரவு இல்ல."

கேட்டீர்களா? செத்துக் கிடந்தது அவருடைய சொந்த அண்ணன். பழியைத் தூக்கிப் போட்டது அந்த அண்ணனின் மகள் தலையில். அங்கிருந்தவர்கள் அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்தார்கள். ஒருவருக்கும் ஜெயில் இல்லை, குத்தகை போகாது, மனை போகாது, பெரியம்மாவும் நடுத்தெருவுக்கு வர மாட்டாள். எல்லோருக்கும் நல்லது என்று தலையாட்டினார்கள். அந்த 'எல்லோருக்கும்' என்பதில் அக்காவைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் வீட்டுக்கு ஓடி எங்கள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு களத்துக்கு வந்தேன். மூடியைத் திறந்து கட்டைகளைக் காட்டினேன். பெட்டியிலிருந்து தொங்கிய ஒயரின் இரண்டு முனைகளையும் எல்லோர் முன்னாலும் என் நாக்கில் வைத்துக்கொண்டேன். லேசாகப் புளித்தது. "புளிக்குது, அவ்வளவுதான். வேணும்னா நீங்க வச்சிப் பாருங்க" என்று லைன்மேனிடம் நீட்டினேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். வரப்பில் குழி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கத்தினேன். அப்பா எழுந்து வந்து என்னை அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. பெட்டியைப் பிடுங்கித் தரையில் வைத்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தார். கண்ணாடித் திரை நொறுங்கியது. அவர் தன் கையால் கட்டை மாற்றிய பெட்டி அது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா வந்தாள். தலைவிரிகோலமாகக் களத்தின் ஓரத்தில் நின்றாள். "என் ஒயராலயா சித்தப்பா?" என்று கேட்டாள்.

அப்பா, "ஆமாம்மா. என்ன பண்றது, நீ வேணும்னா செஞ்ச?" என்றார். அதை ஆறுதல் மாதிரிச் சொன்னார். அவள் தலையில் கையையும் வைத்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள். குழிகளை மறுநாள் பெய்த மழை மூடிவிட்டது. அக்கா அதற்குப் பிறகு பாலிடெக்னிக் போகவில்லை. ஊரில் பெண்கள் அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். "அப்பனை முழுங்குனவ" என்ற பெயர் வந்தது. அடுத்த வருடமே பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் கணக்குப் பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், அதற்காக என் ஆத்திரம் தீர்ந்துவிடவில்லை.

பிறகு நான்தான் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கோபத்தில் படித்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இப்போது தஞ்சாவூரில் அதையே பாடமாக நடத்துகிறேன். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்த்துக் குமைகிறேன். டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் அவள் கையைத் துடைத்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மாற்றுகிறாள். பதினெட்டு வயது நிரம்புவதற்குள் ஒரு சில்லுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள்.

ஒவ்வொரு முறையும் காபி கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பாள். "மழையில ஒரசியிருக்குமோடி?" நானும் ஒவ்வொரு முறையும் காகிதத்தில் வரைந்து காட்டுவேன். ஒயர் வீட்டுக்குள் நுழைந்த இடம் எது, சர்வீஸ் ஒயர் எந்தப் பக்கம் போனது, அப்படி ஏறியிருந்தால் முதலில் பெட்டி கருகியிருக்க வேண்டும், அது கடைசி வரைக்கும் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் சொல்வாள். "நீ சொல்றது சரிதான். ஆனா சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா எம்மேல போடுவாராடி? அவரும் அப்படித்தான்னு நம்புனதுனாலதான சொன்னாரு." அந்த இடத்தில் நான் எப்போதும் தோற்றுப்போவேன். ஏனென்றால் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்பா பயந்துபோய், லைன்மேன் பேச்சை நம்பி, குழம்பி அப்படிச் செய்துவிட்டார் என்று. அந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தத் தை மாதம் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகி என் வீட்டில் இருந்தார். நான் காலையில் பேப்பரை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு வயலில் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி ஒருவர் இறந்த செய்தி. அப்பா டீயை ஊதிக்கொண்டே, "நம்ம நிலக்காரர் மாதிரி எவனோ. கொக்கிய எடுக்க மறந்துருப்பான்" என்றார்.

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு அவர் கரண்ட் போடலன்னுதான சொன்னாரு?"

"சொன்னாரு. சாயங்காலம் அவரு மாட்டுனப்ப நான் கொட்டகையிலதான் நின்னேன்."

எந்தத் தடுமாற்றமும் இல்லை. மழை எப்போது பெய்தது என்று கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னார். "ஏன்ப்பா?" என்று கேட்டேன். "நெலம் போயிருந்தா நீ படிச்சிருப்பியா? அவ சின்னப் புள்ள, கொஞ்ச நாள்ல மறந்துடுவான்னு நெனச்சோம்" என்றார். மறந்துவிட்டவர் அவர்.

நான் அக்காவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவரே தன் வாயால் சொன்னால் அவள் நெஞ்சிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். ரப்பர் செருப்பைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன். பெரியவர்களைத் திட்டித் தீர்க்கிறேனே, எனக்கும் அவ்வளவுதான் புத்தி.

மறுநாளே வந்துவிட்டாள். இளநீர், தேங்காய், சித்தப்பாவுக்குப் பிடித்த பனங்கிழங்கு. வந்ததும் வராததுமாக, "மருந்து போட்டாச்சா?" என்று கேட்டு, அவரைச் சாய்த்து உட்காரவைத்து, முகத்தை அண்ணாந்து பிடித்து வலது கண்ணில் சொட்டு விட்டாள். அவ்வளவு பதமாக நான் ஒருநாளும் விட்டதில்லை.

"அப்பா, எங்கிட்ட சொன்னத அக்காகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "அது எலிக்குப் போட்ட கரண்டுதாம்மா. கொக்கிய எடுக்கல. உன் ஒயரு ஒண்ணும் பண்ணல."

அக்கா சொட்டு மருந்துக் குப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை.

"களத்துல என் தலையில கை வச்சீங்களே, அப்பவே தெரியுமா சித்தப்பா?"

"தெரியும்."

அவள் குப்பியை மூடி மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "நான்தான் கொன்னேன்னு இருந்தப்பகூட, எனக்கு சித்தப்பா ஒருத்தரு இருக்காருன்னு இருந்தேன்டி. இப்ப என்னை எதுக்குக் கூப்புட்ட?"

ஆட்டோ போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா இன்னும் முகத்தை அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டாளா? இன்னொரு கண்ணுக்குப் போடலையே" என்றார்.

நானும் போடவில்லை.